நா

மேரிஸ்டவுனிலிருந்து திரும்பும்போது பனி கண்ணை மறைத்தது.
சாலையை மூடிவிட்டார்கள்.
கூபீஸ் சந்திப்பின் பெட்ரோல் பங்க் சாப்பாட்டுக் கடையில்
லாரிக்காரர்கள் பதினோரு பேர், நான்,
பிறகு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஆம்ப்ரோஸ் கீப்பிங்.

மீன் ஆலை எந்திரத்தில் மூன்று விரலை விட்டவர்.
நான் ஆலையின் காப்பீட்டுக் கம்பெனிக்கு வக்கீல்.
பதினாறு மாதமாக அவர் எனக்கு ஒரு கோப்பு எண்,
ஓர் எக்ஸ்ரே,
'வாதியானவர்' என்று தொடங்கும் வாக்கியங்கள்.
காலி நாற்காலி என் மேஜையில் மட்டும்தான் இருந்தது.

உட்காருங்கள், ஆனால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது,
உங்களுக்கு வக்கீல் இருக்கிறார் என்றேன்.
"இருக்கிறாரா?" என்றார்.
ஆகஸ்டிலிருந்து லெவி ஹிஸ்காக் போனை எடுக்கவில்லையாம்.
"எப்போது கேட்டாலும் மீட்டிங்.
போப்புக்கே அவ்வளவு மீட்டிங் கிடையாது."

சிரித்திருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
இது வழக்கா, வழக்குக்கு வெளியேயா?
வேலி எந்தப் பக்கம் போகிறதென்று
பனிக்குள் யாருக்குத் தெரியும்.

சூப் வந்தது.
கிண்ணத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு குடித்தார்.
கையுறையைக் கழற்றவில்லை.
விரலில்லாத மூன்று இடங்களையும் உள்ளே மடித்து
நீல நூலால் யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள்.
என் கோப்பில் அது இல்லை.

திடீரென்று கரண்டியை வைத்தார்.
"மிஸ் நோஸ்வர்த்தி, சுற்றி வளைப்பானேன், நா—"

கையை உயர்த்தினேன்,
பள்ளி வாசலில் கார்களை நிறுத்துகிறவளைப் போல.
வேண்டாம். மேலே பேசினால் நான் எழுந்து போகவேண்டும்.
வெளியே மைனஸ் பதினெட்டு.

அவர் வாயை மூடிக்கொண்டார்.
நா மட்டும் மேஜைமேல் கிடந்தது.

நாற்பதா?
நாற்பதாயிரத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்பதா?
என் பையிலிருந்த கடிதம்
தொண்ணூறு வரை போகலாம் என்றது.
அல்லது வெறும் நான்தானா:
நான் களைத்துவிட்டேன், நான் தூங்கி நாளாயிற்று,
நாசமாய்ப் போகட்டும் உங்கள் கம்பெனி?
ஐம்பதாயிரம் டாலர் பெறுமான ஓர் எழுத்து
உள்ளே போய்விட்டது.
வாய்க்கு உண்டு, காதுக்குக் கதவில்லை.

விடிந்து பார்த்தால் என் காரைச் சுற்றிப்
பனியை அள்ளிப் போட்டிருந்தது.
கண்ணாடிகூடச் சுரண்டியிருந்தது.
அவருடைய டிரக் இல்லை.
நன்றியை வக்கீல் மூலமாகத்தான் அனுப்பவேண்டுமா,
அதற்கு விதி இருக்கிறதா, தெரியவில்லை.

ஹிஸ்காக்குக்கு எழுதினேன்.
தங்கள் கட்சிக்காரர் பேச வந்தார், தடுத்தேன்,
ஓர் எழுத்து காதில் விழுந்தது, பயன்படுத்தமாட்டேன்.
கீழே: அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.
அழித்தேன். திரும்ப எழுதினேன்.
'செய்தால் நலம்' என்று மாற்றினேன்.
வேறு வக்கீலைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லவும்
எனக்கு வாயில்லை.

பதில் நாலு வரி. நாலாவது:
என் கட்சிக்காரரை நான் பார்த்துக்கொள்வேன்.

மார்ச்சில் சமரசம்.
ஐம்பதில் ஆரம்பியுங்கள் என்றது என் கம்பெனி.
எழுபது என்று சொல்லிவிட்டு
அப்படித்தான் முடியும் என்று அவர்களை நம்பவைத்தேன்.
எண்பத்திரண்டில் நின்றது.
எழுத்தைக் கேட்காதவளாய் இருக்க
இவ்வளவு தூரம் போனேனா,
அல்லது அந்த நீல நூலா?
எனக்குக் கூலி கொடுத்தவர்கள் இதைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கவேண்டும்.

மடித்துத் தைத்த கையால் தாளை அழுத்திப் பிடித்து
ஆம்ப்ரோஸ் கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடினார்.
என்னைப் பார்க்காமல், தன் வக்கீலிடம்:
"அன்றைக்கு அவர் கார் ஸ்டார்ட் ஆயிற்றா, கேளுங்கள்."

ஹிஸ்காக் என் பக்கம் திரும்பினார்,
எதுவும் புரியாத முகத்தோடு.

"ஆயிற்று என்று சொல்லுங்கள்," என்றேன்.